கட்சிச் செய்தியை எடைபோடுவது எப்படி? கேள்வி பதில்

அவிநாசி வாசகர்: ஏனுங்க, அத்திக்கடவுத் திட்டத்தை ஒரு சேனல் "நாங்க கொண்டு வந்தது"ங்குது, இன்னொண்ணு "நாங்க முடிச்சது"ங்குது. இதுல எதுங்க பொய்?

ரெண்டும் பொய்யில்லைங்க, அதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம். 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியவர் எடப்பாடி பழனிசாமி. 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கி வைத்தவர் மு.க. ஸ்டாலின். காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரிநீர் 1.5 டி.எம்.சி.யை எடுத்து, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகும் திட்டம். மதிப்பீடு 1,652 கோடியில் ஆரம்பித்து 1,916 கோடியில் வந்து நின்றது. இந்த விவரங்களை யார் சொன்னாலும் மாறாது. ஒரு தரப்பு அடிக்கல்லோடு கதையை முடிக்கும், மறுதரப்பு திறப்பு விழாவில்தான் கதையையே ஆரம்பிக்கும். பொய்யே சொல்லாமலும் ஒரு பக்கம் சாய்த்துவிடலாம். அதனால் ‘இது சார்புடையதா’ என்பதும் ‘இது சரியான தகவலா’ என்பதும் வேறு வேறு கேள்விகள். தனித்தனியாகக் கேளுங்க.

செய்ய வேண்டியது இதுதான்: ஒரே நிகழ்வுக்கு ரெண்டு தரப்புச் செய்தியையும், பொதுவான நாளிதழ் ஒன்றையும் எடுத்துக்குங்க. ஒவ்வொன்றிலும் தேதி, தொகை, யார் சொன்னது என்பதைக் குறிச்சுக்குங்க. எதிரெதிர்த் தரப்புகள் ரெண்டும் சொல்லும் விவரத்தை ஓரளவு நம்பலாம். ஒரு தரப்பு மட்டும் சொல்வதை அரசாணையிலோ, மானியக் கோரிக்கையின்போது நீர்வளத் துறை வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பிலோ தேடுங்க. தமிழ்நாடு அரசு இணையதளத்தில் அது கிடைக்கும். கடைசியாக, ரெண்டு பேருமே எதை விட்டாங்கன்னு பாருங்க. உங்க ஊர்க் குட்டைக்கு இந்த வருஷம் தண்ணி ஏறுச்சாங்கிறதை ரெண்டு பேரும் பேச மாட்டாங்க. அது மாவட்டப் பக்கத்தில், விவசாயிகள் குறைதீர் கூட்டச் செய்தியில்தான் வரும்.

கோபி வாசகர்: கட்சி சார்புன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?

முரசொலி தி.மு.க.வுடையது, நமது அம்மா அ.தி.மு.க.வுடையது, தீக்கதிர் மார்க்சிஸ்ட் கட்சியுடையது. இவை வெளிப்படையாகப் பலகை மாட்டியவை, தொந்தரவில்லை. கட்சிப் பேரே தெரியாத பொதுப்படையான பேரில் தேர்தலுக்கு முன்னால் திடீரென முளைப்பவைதான் சிக்கல். ஃபேஸ்புக் பக்கம் என்றால் ‘பக்க வெளிப்படைத்தன்மை’ பகுதியைத் திறங்க. தொடங்கிய தேதி, பழைய பெயர்கள், நிர்வாகிகள் எந்த நாட்டில் இருக்காங்க என்பது அங்கே இருக்கும். போன வருஷம் சினிமா மீம் பக்கமாக இருந்தது இப்போது செய்திப் பக்கமானால் உஷாராகணும். பணம் கொடுத்து ஓட்டிய அரசியல் விளம்பரங்களை, ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் விளம்பர நூலகத்தில் (Ad Library) பார்க்கலாம். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இணையச் செய்தி வெளியீட்டாளர் குறைதீர் அலுவலரை வைக்கணும், புகாருக்கு 15 நாளுக்குள் முடிவு சொல்லணும். முகவரியே இல்லாத தளத்தை நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியலை.

அப்புறம் தொடர்ச்சியாக 20 தலைப்புகளைப் படிங்க. ஒருத்தர் ‘விளாசினார்’, இன்னொருத்தர் ‘உளறினார்’ என்றே வருதா? சொந்தத் தரப்பைக் குறை சொல்லி ஒரு செய்தியாவது இருக்கா? அப்படி ஒன்று இருந்தால் அந்தச் செய்திக்கு மதிப்பு அதிகம். தன் கட்சிக்கே சங்கடம் தரும் விஷயத்தைச் சும்மா எழுத மாட்டாங்க.

திருப்பூர் வாசகர், பனியன் கம்பெனி: நம்ம ஊர்ல வடக்கத்திப் பசங்களை அடிக்கறாங்கன்னு முன்னே வீடியோ சுத்துச்சே, அந்த மாதிரி வந்தா எப்படிப் பார்க்கறதுங்க?

2023 மார்ச்சில் நடந்தது அது. அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு விளக்கினார்: ஒரு வீடியோ திருப்பூரில் பீகார் தொழிலாளர்களின் ரெண்டு குழுக்களுக்குள் நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரங்களுக்குள் நடந்தது. ஹோலிக்கு ஊருக்குப் போன ரயில்வே ஸ்டேஷன் கூட்டத்தையும் பயந்து ஓடுவதாகக் காட்டினாங்க. படம் நிஜம், தலைப்புதான் பொய்.

வீடியோவை அப்படியே தேட முடியாதுங்க. ஆட்டம் இல்லாத இடத்தில் நிறுத்தி, கடைப் பலகையோ முகமோ வண்டி எண்ணோ தெரிகிற மாதிரி மூணு நாலு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தை வச்சுத் தேடும் கூகுள் லென்ஸில் போடுங்க. போடும் முன்னால் மேலே கீழே ஒட்டிய எழுத்துப் பட்டையை வெட்டிடுங்க, இல்லாட்டி லென்ஸ் அந்த எழுத்தைத் தேடப் போயிடும். ஒன்றும் கிடைக்கலைன்னா படத்தை இடவலமாகத் திருப்பித் தேடுங்க. கண்டுபிடிக்காமல் இருக்கத் திருப்பிப் போடுவது பழைய வேலை. டின்ஐ (TinEye) என்ற படத்தேடல் தளத்தில் ‘பழையது முதலில்’ என்று வரிசைப்படுத்தினால் முன்னால் வந்த தேதி தெரியும். கம்ப்யூட்டர் இருந்தால் இன்விட் (InVID) என்ற பிரவுசர் நீட்சி, வீடியோ லிங்கிலிருந்தே காட்சிகளைப் பிரிச்சுக் கொடுக்கும். வண்டி எண்ணும் உதவும்: திருப்பூர் பதிவு டி.என். 39, 42. வேறு மாநில எண்ணாகவே வரிசையாக நின்றால் இடத்தைச் சந்தேகப்படுங்க.

தாராபுரம் வாசகர்: டிவி லோகோ போட்ட நியூஸ் கார்டு?

கார்டைக் கார்டாக நம்பவே கூடாதுங்க. பின்னணியை வச்சுக்கிட்டு எழுத்தை மட்டும் மாத்த போனே போதும். எழுத்துரு அந்த டிவியின் வழக்கமான எழுத்துருதானா, ஒற்றுப் பிழை இருக்கா, தேதி இருக்கான்னு பாருங்க. இதெல்லாம் சந்தேகத்துக்குத்தான் ஆகும். முடிவு தெரிய அந்த டிவியின் அதிகாரபூர்வப் பக்கத்துக்கே போய் அதே நாள் பதிவுகளைப் பாருங்க. போலியானால் பல நேரம் அவங்களே மறுப்புப் போட்டிருப்பாங்க.

பெருந்துறை கல்லூரி மாணவி: ஆல்சைட்ஸ் மாதிரி சார்பு அட்டவணைகள் நமக்கு ஆகுங்களா?

ஆகாதும்மா. அவை ஊடகங்களை அமெரிக்க இடது–வலது அரசியல் அளவுகோலில் நிறுத்துபவை. திராவிடக் கட்சிகள், சாதி, மொழி, மாநில உரிமை எல்லாம் அதில் அடங்காது.

நாமக்கல் வாசகர்: அரசு உண்மை சரிபார்ப்புக் குழுவை நம்பலாமா?

ஒரு திட்டமோ சுற்றறிக்கையோ நிஜமா என்றறிய ஒன்றிய அரசின் பி.ஐ.பி. (பத்திரிகைத் தகவல் அலுவலகம்) குழுவும் மாநிலக் குழுவும் உதவும். அரசின் மீதான குற்றச்சாட்டை அந்த அரசே ‘பொய்’ என்றால் அது ஒரு தரப்பின் பதில்தான், தீர்ப்பில்லை. ஒன்றிய அரசு தன்னைப் பற்றிய செய்திகளைச் சரிபார்க்கக் கொண்டுவந்த விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தனியார் குழுக்களில், தேடிய வழியையும் லிங்கையும் காட்டுபவர்களை எடுத்துக்குங்க. நியூஸ்செக்கர், ஃபேக்ட் கிரெசண்டோ தமிழிலும் எழுதறாங்க.

பொள்ளாச்சி வாசகி: என்ற மாமனார் குடும்ப குரூப்பில் தினம் போடறாருங்க. எப்படிச் சொல்றது?

குரூப்பில் எல்லார் முன்னாலும் வேண்டாங்க, தனியாக அனுப்புங்க. "பொய்"னு ஆரம்பிக்காமல், "மாமா, இது 2019 வீடியோவாமா, பாருங்க"ன்னு பழைய லிங்கை முதலில் வைங்க. குரூப்பில் அழிக்கறதா, திருத்தம் போடறதாங்கிறதை அவரே செய்யட்டும். அழிக்கணும்னா சீக்கிரம் சொல்லுங்க. ரெண்டு நாளுக்கு மேல் ஆனால் வாட்ஸ்அப்பில் எல்லாருக்குமாக அழிக்க முடியாது.