ரக்பி கிளப்ல ஃபிக்ஸ்சர்னா என்ன? நல்லா ஆடுறவனை விட்டுட்டு வேற ஆளை ஏன் எடுக்குறாங்க?

ஃபிக்ஸ்சர்னா எந்தத் தேதி, யார் கூட, எந்த கிரவுண்டுன்னு முன்னாடியே முடிவு பண்ணி வெச்ச மேட்ச், அவ்ளோதான். (மேட்ச் ஃபிக்ஸிங் வேற, குழப்பிக்காதீங்க.)

செலக்‌ஷன்தான் தலைவலி. யூனியன் ரக்பில ஒரு டீமுக்கு 15 பேர், அதுல 8 ஃபார்வர்ட் (முன்னாடி நின்னு முட்டித் தள்ளுறவங்க), 7 பேக் (பின்னாடி நின்னு பந்தோட ஓடுறவங்க). ஸ்க்ரம்னா ரெண்டு டீம் ஃபார்வர்டும் குனிஞ்சு கோர்த்துக்கிட்டு பந்துக்காக எதிரெதிரா தள்ளுறது. அதுல முன் வரிசையில நிக்கிற 3 பேரு, அதாவது நடுவுல ஹூக்கர் ரெண்டு பக்கமும் ப்ராப், இவங்க அதுக்குன்னே பழகினவங்களா இருக்கணும், ஏன்னா பின்னாடி இருந்து வர்ற மொத்த வெயிட்டும் கழுத்துலயும் தோள்லயும்தான் இறங்கும், பழக்கமில்லாதவன் நின்னா கழுத்து போயிடும். அப்படி ஆள் இல்லைன்னா ரெஃப்ரி தள்ளாத ஸ்க்ரம்தான் ஆட விடுவாரு.

பஸ்ல 40 பேரு ரெடியா உக்காந்திருந்தாலும் ஹெவி லைசன்ஸ் இருக்கிற டிரைவர் வரலைன்னா வண்டி கிளம்பாதுல்ல, நிஜமா தள்ளுற ஸ்க்ரமும் அதே கதைதான். அதனாலதான் சில நேரம் நல்லா ஆடுறவனை விட்டுட்டு அந்த பொசிஷனுக்குப் பழகினவனை எடுக்குறாங்க.

நான் சொல்ற கிளப் சம்பளம் வாங்கி ஆடுற டீம் இல்ல, ஒரே கிளப்ல ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட்னு மூணு டீம் இருக்குன்னு வெச்சுக்கோங்க. மேட்சுக்கு முந்தின நாள் ராத்திரி “முதுகு பிடிச்சுக்கிச்சு, நாளைக்கு வரல”ன்னு ஃபர்ஸ்ட் டீம் ப்ராப் ஒரு மெசேஜ் போட்டா போதும், செகண்ட் டீம் ப்ராப் மேல போவான், அங்க தேர்ட் டீம் ஆள் ஏறுவான், கடைசில ஆள் பத்தாம தேர்ட் டீம் ஃபிக்ஸ்சரே கேன்சல். பாவம் செலக்டர்.

அப்புறம், செகண்ட் டீம்ல போட்டா அது பனிஷ்மென்ட்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, பல நேரம் உங்க பொசிஷனுக்கு அங்கதான் ஆள் இல்லாம இருக்கும்.