ரிக்ரூட் என்றால் வேலை உறுதியா?

கேள்வி: நேர்முகத் தேர்வு முடிந்ததும் 'உங்களை ரிக்ரூட் பண்ணுகிறோம்' என்றார்கள். இப்போதுள்ள வேலையை விடலாமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: விட்டுவிடாதீர்கள். விளம்பரம் போடுவதிலிருந்து ஆள் வந்து சேரும்வரை நடப்பதெல்லாம் ரிக்ரூட்மென்ட்தான். வர்த்தமானியில் 'ஆட்சேர்ப்பு' என்று வருகிறதே, அது. ஆளை வேலைக்கு அமர்த்துவது ஹயர். ஆகவே 'ரிக்ரூட் பண்ணுகிறோம்' என்ற சொல்லை மட்டும் வைத்து வேலை உறுதி என்று எடுக்கமுடியாது. (கொழும்பில் ஹயர் என்றதும் முச்சக்கரவண்டிதான் ஞாபகம் வரும்!) இராணுவத்திலோ பயிற்சியிலிருக்கும் புதுச் சிப்பாயே ரிக்ரூட்.

நியமனக் கடிதம் கைக்கு வரட்டும். தொடங்கும் திகதி, தகுதிகாண் காலம், அடிப்படைச் சம்பளம் மூன்றும் அதில் இருக்கவேண்டும். 'எல்லாம் சேர்த்து இவ்வளவு' என்றிருந்தால் பிரித்துக் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள், முதலாளி 12 வீதம் போடவேண்டும். மேலதிக நேரக் கொடுப்பனவு அந்தக் கணக்கில் சேராது. இரு தரப்பும் கையொப்பமிட்ட பிறகே இராஜினாமாக் கடிதம், அதுவும் இப்போதைய ஒப்பந்தத்திலுள்ள முன்னறிவித்தல் காலத்தைப் பார்த்துக்கொண்டு.