லினக்ஸ் சர்வர் கேள்வி பதில்: மெமரி, டிஸ்க், சாகாத ப்ராசஸ்

அக்கா, 16 ஜிபி ரேம் இருக்கு, ஆனா ஃப்ரீனு 300 எம்பி தான் காட்டுது. மெமரி லீக்கா?

லீக் இல்ல தம்பி, எந்த ப்ரோக்ராமும் மெமரிய திருப்பிக் குடுக்காம பிடிச்சு வைக்கல. டிஸ்க்ல இருந்து படிச்சத கர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) பேஜ் கேஷ்ல, அதாவது ரேம்லயே ஒரு பிரதியா, வச்சிருக்கும், ரேம் சும்மா கிடக்குறதுக்கு அதுவாச்சும் இருக்கட்டும்னு, ப்ரோக்ராம் கேட்டா பெரும்பகுதிய உடனே விட்டுக் குடுத்துரும். free கமாண்ட்ல 'ஃப்ரீ'ங்கற பத்திய (column) பாக்காதீங்க, 'அவைலபிள்'ங்கற பத்திய பாருங்க. 2014ல வந்த 3.14 கர்னல்லயே இந்தக் கணக்கு வந்துருச்சு. கேஷ காலி பண்ண க்ரான் ஜாப் (குறிச்ச நேரத்துல தானா ஓடுற வேலை) போடுறவங்கள பாத்தா எனக்கு உண்மையிலேயே கஷ்டமா இருக்கும், காலி பண்ணதெல்லாம் மறுபடி டிஸ்க்ல இருந்துதான் வரணும்.

40 ஜிபி லாக் ஃபைல அழிச்சிட்டேன், டிஸ்க் எவ்ளோ நிரம்பிருக்குனு காட்டுற டிஎஃப் (df) இன்னும் 100% காட்டுது, ஃபைல்களோட அளவ கூட்டிச் சொல்ற டியூ (du) போட்டா கம்மியா வருது. எதை நம்புறது?

ரெண்டுமே சரி. ஆர்எம் (rm, அழிக்கிற கமாண்ட்) பண்ணா டைரக்டரில இருக்குற பேரு மட்டும்தான் போகும். ஐநோடும் (ஃபைலோட விவரம் இருக்குற பதிவு) டேட்டாவும் எப்ப போகும்னா, வேற ஹார்ட் லிங்க்கும் (அதே ஃபைலுக்கு இன்னொரு பேரு) இல்லாம, எந்த ப்ராசஸும் அத திறந்து வைக்காம இருக்கணும். உங்க சர்வீஸ் இன்னும் அந்த ஃபைல்ல எழுதிக்கிட்டே இருக்கு, டியூ பேர வச்சு தேடுது அதனால அதுக்குத் தெரியல, டிஎஃப் ஃபைல்சிஸ்டத்தையே கேக்குது. எந்த ப்ராசஸ் எந்த ஃபைல திறந்து வச்சிருக்குனு காட்டுற எல்எஸ்ஓஎஃப் (lsof) போட்டு 'டெலிடெட்'னு வர்றத தேடுங்க, அந்த சர்வீஸ ரீஸ்டார்ட் பண்ணா இடம் வந்துரும். அடுத்த தடவ பழைய லாக்க தானா மாத்தி அழிக்கிற லாக்ரொட்டேட் (logrotate) வைங்க, அவசரம்னா ஃபைல அழிக்காம ட்ரங்கேட் பண்ணுங்க, அதாவது உள்ள இருக்குறத மட்டும் காலி பண்ணுங்க.

இன்னொன்னு, ஜிபி கணக்குல இடம் இருந்தும் 'இடம் இல்ல'னு எரர் வந்தா டிஎஃப் மைனஸ் ஐ (df -i) போடுங்க, அது ஐநோடு எண்ணிக்கைய காட்டும். குட்டிக் குட்டி செஷன் ஃபைல் லட்சக்கணக்குல சேந்து ஐநோடு தீந்திருக்கும்.

கட்டாயமா நிறுத்துற கில் மைனஸ் 9 (kill -9) போட்டும் ஒரு ப்ராசஸ் போகல மேடம்

ப்ராசஸ் பட்டியல் காட்டுற பிஎஸ்ல (ps) ஸ்டேட் என்னனு பாருங்க. இசட்னா (Z) ஜாம்பி, அது ஏற்கனவே செத்தது, அத ஆரம்பிச்ச பேரன்ட் ப்ராசஸ் வெயிட் கால் பண்ணி எக்சிட் கோட (எப்படி முடிஞ்சுதுங்கற எண்) வாங்கிக்கல, அவ்ளோதான். பேரன்ட்ட சரி பண்ணணும், இல்ல பேரன்ட்ட நிறுத்தினா பிஐடி 1 (சிஸ்டத்தோட முதல் ப்ராசஸ்) தத்தெடுத்து முடிச்சிரும். கன்டெய்னர்ல (தனியா பிரிச்சு ஓடுற சூழல்) நம்ம ஆப்பே பிஐடி 1ஆ ஓடும், அது வெயிட் பண்ணத் தெரியாததா இருந்தா ஜாம்பி குவியும். ஸ்டேட் 'டி'னு (D) இருந்தா ஐஓவுக்காக (டிஸ்க் மாதிரி இடத்துல படிக்க, எழுத) கர்னலுக்குள்ள மாட்டிட்டு நிக்குது, பெரும்பாலும் டிஸ்க் இல்லனா நெட்வொர்க் மவுன்ட் பிரச்சனை, டிமெசேஜ் (dmesg, கர்னல் லாக்) பாருங்க. எடுத்த எடுப்புல 9 வேண்டாம்ங்க, நீயே முடிச்சிக்கோனு சொல்ற 15 அனுப்பினா ப்ரோக்ராமுக்கு ஃபைல மூடி வைக்க நேரம் கிடைக்கும்.

சிபியு 5% தான், ஆனா லோடு ஆவரேஜ் (ஓடுற, காத்திருக்குற ப்ராசஸோட சராசரி எண்ணிக்கை) 30. எப்படி?

மேல சொன்ன டி ஸ்டேட் தான். லினக்ஸ் அதையும் லோடுல சேத்து எண்ணும். ஸ்டோரேஜ பாருங்க.

ராத்திரி டேட்டாபேஸ ஓஓஎம் கில்லர் (மெமரி தீந்தா ப்ராசஸ கொல்ற கர்னல் பகுதி) கொன்னுடுது. அதோட oom_score_adj மதிப்ப மைனஸ் 1000 (இத கொல்லாதனு அர்த்தம்) வச்சா போதுமா?

டேட்டாபேஸ் தப்பிக்கும், வேற ஒன்னு சாகும். ஓஓஎம் கில்லர் பொதுவா அதிகமா மெமரி வச்சிருக்குறதத்தான் எடுக்கும், குற்றவாளியத்தான் எடுக்கும்னு இல்ல. கொல்லும்போது எந்த ப்ராசஸ் எவ்ளோ வச்சிருந்துச்சுனு கர்னல் லாக்ல ஒரு டேபிள் போடும், முதல்ல அத எடுத்துப் படிங்க. அந்த நேரத்துல பேக்கப் ஜாப் எதாச்சும் ஓடுச்சுனா அத தனி சிக்ரூப்ல (cgroup, ப்ராசஸ் குழுவுக்கு வரம்பு வைக்கிற வசதி) போட்டு மெமரி லிமிட் வைங்க, டேட்டாபேஸ தொடவே வேண்டாம்.