பெரும்பான்மையும் முட்டுக்கட்டையும்

அன்புள்ள ஐயா,

நாடாளுமன்றம் முடங்கும்போதெல்லாம் எனக்கு 1954-ன் திரு-கொச்சி (அன்றைய திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம், நம் குமரியும் அதில்தான் இருந்தது) சட்டசபை ஞாபகம் வரும். 19 எம்.எல்.ஏ.க்களை வைத்துக்கொண்டு பட்டம் தாணுபிள்ளை முதலமைச்சராக ஆண்டார், நம் ஊரில் ரத்தம் சிந்தியதுதான் மிச்சம். தெளிவான பெரும்பான்மையும், கூச்சல் போடுபவர்களை வெளியேற்றும் சபாநாயகரும் இருந்தால் இந்த முட்டுக்கட்டை தீராதா?

ஒரு வாசகர், தக்கலை

அன்புள்ள நண்பருக்கு,

தீராது என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் சொன்ன சபையையே பாருங்கள். மொத்தம் 117 இடம். பட்டத்தின் பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்கு 19, வெளியிலிருந்து ஆதரித்த காங்கிரசுக்கு 45, தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடிய மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசுக்கு 12. அந்தத் தாலுகாக்களை விட்டுக்கொடுக்கக்கூடாது என்பதில் முதல் இரண்டு கட்சிகளும் ஒன்றாகவே நின்றன, கூட்டிப் பாருங்கள், 64, அதாவது பாதிக்கு மேல். மற்ற விஷயங்களில் ஆட்டம் கண்ட அரசு இந்த ஒன்றில் மட்டும் அசையவே இல்லை. ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராடியவர்களைப் போலீசார் சுட்டார்கள். கடைசியில் வழி பிறந்தது டெல்லியில், மாநில மறுசீரமைப்பு வழியாக, 1956 நவம்பர் 1-ல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது.

எதிர்க்கட்சி தடுத்தால் டிவியில் தெரியும். ஆளுங்கட்சி தடுத்தால் எதுவும் தெரியாது, நிகழ்ச்சி நிரலில் அந்த மசோதா இருக்காது, அவ்வளவுதான். மகளிர் இடஒதுக்கீட்டின் கதை முழுக்க இதுதான். 1996-ல் முதலில் வந்தது. 2010 மார்ச்சில் மாநிலங்களவையில் சிலர் மசோதாவைக் கிழித்து எறிந்தார்கள், காவலர்களை வைத்து அவர்களை வெளியேற்றிவிட்டு மறுநாள் நிறைவேற்றினார்கள், அதையெல்லாம் நாடே பார்த்தது. ஆனால் மக்களவையில் காங்கிரஸ், பாஜக, இடதுசாரிகள் மூவருமே ஆதரவு என்று சொல்லியும், நான்கு வருடம் அது வாக்கெடுப்புக்கே வராமல் 2014-ல் காலாவதியானது. அப்புறம் 282 இடத்தோடு வந்த பாஜக, ஆட்சி நடத்த யாருடைய தயவும் தேவைப்படாத நிலையில், 2023 செப்டம்பர் வரை அதைத் தொடவில்லை! கொண்டுவந்தபோது எதிர்த்து விழுந்தவை இரண்டே ஓட்டு. அதிலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் அமல் என்று எழுதிவிட்டதால் 2024 தேர்தல் பழையபடியே நடந்தது.

அமெரிக்காவிலும் எதிர்க்கட்சி தடுப்பது, ஆளுங்கட்சி தடுப்பது இரண்டும் உண்டு. மேலவையான செனட்டில் 100-ல் 60 பேர் சேராவிட்டால் பெரும்பாலான மசோதாக்களின் விவாதத்தை முடிக்க முடியாது, எனவே 41 பேர் போதும் நிறுத்திவைக்க. 2013-ல் குடியேற்ற மசோதா அதையும் தாண்டி 68-32 என்று நிறைவேறியது. கீழவையில் பெரும்பான்மைக் கட்சியின் தலைமை அதை எடுக்கவே இல்லை.

வெளியேற்றுவதையும் பார்த்துவிட்டோம். 2023 டிசம்பரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 எம்.பி.க்களை இடைநீக்கம் செய்தார்கள், புதிய குற்றவியல் சட்டங்கள் மூன்றும் அந்தக் காலி நாற்காலிகளுக்கு நடுவேதான் நிறைவேறின. அதை எப்படிச் சபை நடந்தது என்று சொல்வது? எனக்கு மனம் வரவில்லை.

பிரிட்டனில் ஒரு கூட்டத்தொடருக்கு 20 நாள் எதிர்க்கட்சிகளுக்கு என்றே ஒதுக்கியிருக்கிறார்கள், அன்றைக்கு என்ன பேசுவது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். அதை இங்கேயும் கொண்டுவரச் சொல்லி நம் எம்.பி.யிடம் கேட்போம், நீங்களும் எழுதுங்கள்.