நோட்டீஸில் பாகங்களின் பட்டியல் வேண்டாம்

கேள்வி: வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கிறேன். இரண்டு வருடமாகியும் தெரிந்தவர்களைத் தாண்டி ஆர்டர் வரவில்லை. நோட்டீஸ் அடித்தேன், ஃபேஸ்புக்கில் பணம் கட்டி விளம்பரமும் போட்டேன். விசாரிப்பவர்கள் ஆன்லைன் விலையைக் காட்டிப் பேரம் பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். உள்ளூரில் எப்படிப் பெயர் எடுப்பது?

பதில்: நோட்டீஸில் என்ன எழுதினீர்கள் என்று சொல்லவில்லையே. 'ஐ5, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி' என்று எழுதியிருந்தால், பேரம் பேசியவர்கள் மேல் தவறில்லை. பாகங்களின் பட்டியலைக் கையில் கொடுத்தால் யாரும் அவற்றின் விலையைத்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்த விலையில் பெரிய ஆன்லைன் கடைகளோடு நீங்கள் போட்டி போட முடியாது. போடவும் வேண்டாம்.

முதலில் ஏதாவது ஒரு தொழிலில் இருப்பவர்களை மட்டும் வாடிக்கையாளர்களாகக் குறிவையுங்கள். வீடியோ எடிட்டர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேரிடம் அனுமதி கேட்டு, அவர்கள் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இப்போதைய கேமராக்கள் பல, எச்.265 என்ற சுருக்கப்பட்ட வீடியோ வடிவத்தில், நிற விவரம் அதிகமுள்ள '10 பிட் 4:2:2' ஃபைல்களைத் தருகின்றன. ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரையிலான என்விடியா கிராபிக்ஸ் கார்டுகளில் இவற்றை டிகோட் செய்யும் (விரித்துத் திரையில் ஓட்டும்) வசதி இல்லை. அதனால் விலை உயர்ந்த கார்டு போட்டும் எடிட் செய்யும்போது வீடியோ திணறும். இன்டெலின் 12ஆம் தலைமுறை சிப்பில் கூடவே வரும் கிராபிக்ஸ் அதைச் சுலபமாகச் செய்துவிடும். ஆனால் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம் என்று பெயரில் 'எஃப்' உள்ள சிப்பை வாங்கினால் அந்த கிராபிக்ஸே இருக்காது! இதை ஒரு எடிட்டருக்கு அவருடைய ஃபைலையே ஓட்டிக் காட்டிப் புரியவைத்தால், அவரே பத்து பேரிடம் சொல்வார். நோட்டீஸிலும் 'உங்கள் கேமரா ஃபைலோடு வாருங்கள், ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்' என்று போடுங்கள்.

அடுத்தது சிறிய அலுவலகங்கள். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் சிப் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். பல கம்ப்யூட்டர்களில் டிபிஎம் இருந்தும் பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்கில்) அணைந்து கிடக்கும். அதை ஆன் செய்தாலே போதும் என்றால், அதை மட்டும் செய்துவிட்டு வாருங்கள். தயவுசெய்து அவர்களிடம் புதிதாக ஒன்றை விற்காதீர்கள். உண்மையிலேயே மாற்ற வேண்டிய நாள் வரும்போது அவர்கள் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்ய காசு கிடையாது, இன்றே செய்துவிடுங்கள். டெலிவரி கொடுத்து ஒரு வாரம் கழித்து ரிவியூ கேளுங்கள். அதற்காகத் தள்ளுபடி மட்டும் கொடுக்காதீர்கள், கூகுள் விதிப்படி அது கூடாது.

அப்புறம், ஃபேஸ்புக் விளம்பரத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள். அந்தப் பணத்தில் ஒரு எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி), ஒரு எஸ்எஸ்டி, ஒரு ஜோடி ரேம் வாங்கி வையுங்கள். வாரண்டிக்குப் போன பாகம் திரும்பி வரும்வரை வாடிக்கையாளரின் வேலை நிற்காமல் இருக்க, அவற்றைத் தற்காலிகமாகப் போட்டுக் கொடுக்கலாம். நோட்டீஸில் இரண்டாவது வரியாக அதை எழுதுங்கள்.