ரோமுக்கு இரண்டு நாள் போதுமா?

கேள்வி: கணவரின் அலுவலக வேலைக்காக மிலான் போகிறோம், அப்படியே ரோமுக்கும் போகலாம் என்றால் இரண்டு நாள்தான் கிடைக்கிறது. கொலோசியம், வாடிகன் பார்க்காமல் வர மனமில்லை, அதற்காக இரண்டு நாளும் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பவும் விருப்பமில்லை. என்ன செய்யலாம்?

– ஒரு வாசகி

பதில்: தாராளமாகப் போதும். பெயர் பெற்ற ஒவ்வோர் இடத்துக்கும் பக்கத்திலேயே கூட்டம் குறைந்த இன்னோர் இடம் ரோமில் இருக்கிறது, இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

முதல் நாள் கொலோசியம். காலையில் திறக்கும் நேரத்துக்கே முன்பதிவு செய்துவிடுங்கள், டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரே இருக்க வேண்டும். வெளியே வந்ததும் நேராக சான் கிளெமென்தே தேவாலயத்துக்கு நடங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது. மேலே இருப்பது 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். டிக்கெட் வாங்கிக்கொண்டு படியிறங்கினால் 4ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், அதற்கும் கீழே 1ஆம் நூற்றாண்டு ரோமானியக் கட்டடமும் மித்ராஸ் என்ற தெய்வத்தை வழிபட்ட அறையும். 1857இல் ஜோசப் முல்லூலி என்ற ஐரிஷ் பாதிரியார் தோண்ட ஆரம்பித்த பிறகுதான் இதெல்லாம் வெளியே வந்தது. அடித்தளத்தில் நின்றால் நிலத்துக்கடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். கொலோசியத்தில் பார்ப்பதைவிட ரோமின் வயது இங்கேதான் நன்றாகப் புரியும் என்பது என் எண்ணம். மதியத்தில் பல தேவாலயங்களைச் சில மணி நேரம் பூட்டிவிடுவார்கள், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் கொலோசியம் மெட்ரோ நிலையத்துக்கே திரும்பி பி லைனில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் ‘பிரமிடே’ (Piramide) என்ற நிலையம். கி.மு. முதல் நூற்றாண்டில் செஸ்டியஸ் என்ற ரோமானியருக்குக் கட்டிய பிரமிடு கல்லறை நிலையத்துக்கு எதிரிலேயே நிற்கிறது, அதன் பின்னால் உள்ள கல்லறைத் தோட்டத்தில் கவிஞர்கள் கீட்ஸும் ஷெல்லியும் இருக்கிறார்கள். கீட்ஸின் கல்லில் அவர் பெயரே கிடையாது. அங்கிருந்து ஓஸ்டியென்சே சாலையில் கொஞ்ச தூரம் நடந்தால் சென்ட்ராலே மோன்டெமார்ட்டினி. 1912இல் திறந்த மின் நிலையம் இது, இன்று அருங்காட்சியகம். ராட்சத டீசல் எஞ்சின்கள் கறுப்பாக அப்படியே நிற்க, அவற்றின் முன்னால் வெள்ளைப் பளிங்குத் தெய்வச் சிலைகளை வைத்திருக்கிறார்கள். இவ்வளவு அழகான இடத்தில் கூட்டமே இல்லை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். திங்கட்கிழமை விடுமுறை.

இரண்டாம் நாள் காலை வாடிகன் அருங்காட்சியகம், சிஸ்டைன் தேவாலயம். அநேக ஞாயிறுகளில் மூடியிருக்கும், மாதத்தின் கடைசி ஞாயிறு இலவசம் என்பதால் கூட்டம் தாங்காது, ஆகவே வேறு நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மாலையில் பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோவில். 43 மீட்டர் அகலக் குவிமாடம், கம்பியே இல்லாத கான்கிரீட், ஏறக்குறைய 1,900 வருடமாக நிற்கிறது. பக்கத்திலேயே சான் லூயிஜி தேய் பிரான்செசி தேவாலயத்தில் கராவாஜியோவின் மூன்று ஓவியங்கள், கட்டணம் கிடையாது. தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்திக்கொள்ளுங்கள்.

ட்ரெவி நீரூற்றை இரவு வெகுநேரம் கழித்துப் பாருங்கள். நேரம் போதாமல் எதையாவது விட வேண்டி வந்தால் ட்ரெவியை விட்டுவிடலாம், மோன்டெமார்ட்டினியை விடாதீர்கள்.