தம்பி தினமும் குடிக்கிறான். மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதா, கவுன்சலிங் போதுமா?

34 வயதுத் தம்பி இரண்டு வருஷமாகத் தினமும் ராத்திரி ஒரு குவார்ட்டர் குடிக்கிறான், வேலைக்கும் ஒழுங்காகப் போகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். காலையில் எழுந்ததும் அவன் கை நடுங்குகிறதா? மையமா கவுன்சலிங்கா என்பதற்கு முன்னால் இது தெரிய வேண்டும்.

எங்கள் வீட்டில் இதைக் கவனிக்கத் தவறினோம். என் சித்தப்பாவுக்குக் காலை ஆறு மணிக்கே கொஞ்சம் உள்ளே போனால்தான் சட்டைப் பொத்தான் போட வரும். ஒரு கார்த்திகை மாதம் சபரிமலைக்கு மாலை போட்டார், அன்றோடு நிறுத்திவிட்டார். வீடே சந்தோஷப்பட்டது. மறுநாள் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் பாதி வேட்டியில் கொட்டியது. அன்று ராத்திரி வலிப்பு. மூன்றாம் நாள் போர்வையிலிருந்து இல்லாத எறும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். சித்தியையே யாரென்று தெரியவில்லை. அரசு மருத்துவமனையில் சேர்த்து, தயாமின் என்ற வைட்டமின் ஊசி போட்டு, நடுக்கத்துக்கான மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்த பிறகுதான் தெளிந்தார். பல வருஷம் விடாமல் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் உயிரே போகலாம் என்று டாக்டர் சொன்னபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

என் மாமா பையன் விஷயம் நேர்மாறு. மாதத்தில் ஒன்றிரண்டு சனிக்கிழமை குடிப்பான். ஒரு கல்யாணத்தில் தகராறு பண்ணினான் என்று, தனியார் மையம் ஒன்றுக்கு போன் செய்து ஆள் வைத்துத் தூக்கிப் போட்டார்கள். மூன்று மாதம் உள்ளே. வேலை போயிற்று, வெளியே வந்து முன்பைவிட அதிகமாகக் குடித்தான். அவனுக்குத் தேவைப்பட்டது மனம்விட்டுப் பேச ஒரு டாக்டர், அவ்வளவுதான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

உங்கள் தம்பி இந்த இருவருக்கும் நடுவில் இருக்கிறார். 180 மில்லி பிராந்தியில் சுமார் 60 கிராம் சுத்தச் சாராயம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ என்ற பத்துக் கேள்வித் தாளில் 10 கிராமை ஒரு அளவாக வைப்பார்கள். அந்தக் கணக்கில் தினமும் ஆறு. வேலைக்குப் போகிறான் என்பதை வைத்து இதைச் சின்ன விஷயமாக எடுக்காதீர்கள். அந்தத் தாளில் மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தாலே கவனிக்க வேண்டும், 20-ஓ அதற்கு மேலோ போனால் அடிமை நிலையா என்று டாக்டர் முழுதாகப் பார்க்க வேண்டும்.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநல ஓ.பி.க்கு அவரோடு நீங்களும் போங்கள். நடுக்கம், வலிப்பு எதுவும் இல்லாவிட்டால் வீட்டிலிருந்தே மாத்திரையும் கவுன்சலிங்குமாகப் பார்க்கலாம் என்று பெரும்பாலும் சொல்வார்கள். முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அப்படியானால் படுக்கை வசதியுள்ள இடம்தான் சரி. போவதற்குக் கூச்சப்பட்டால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு அழைத்துத் தமிழிலேயே பேசலாம், இலவசம்.

சாம்பாரில் கலந்து கொடுக்கும் மாத்திரை என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அது, குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதபடி செய்யும் டைசல்பிரம் மாத்திரையாக இருந்தால், தெரியாமல் மேலே குடிக்கிறவருக்கு ரத்த அழுத்தம் சரிந்து ஆபத்தாகும்.

நாளைக் காலை அவர் காபி குடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பாருங்கள். நடுங்கினால் ‘இன்றே நிறுத்து’ என்று சத்தியம் வாங்காமல், அன்றைக்கே ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள்.